அம்பு ஒட்டிய நாற்றுகள்

எங்கள் முதலாளி அறைச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. புதுக் கட்டடத்து வாசலில், முழங்காலுக்கும் கீழே அடர்ந்து நிற்கும் குட்டை மூங்கில் வரிசை. ஒரு பக்கம் முதலாளி, இன்னொரு பக்கம் ஜப்பான்காரர், நடுவில் நான். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த அறைக்குள் போனால் சுவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துத்தான் பேசுவேன். "ஏனுங்க கந்தப்பன், கழுத்துச் சுளுக்குங்களா?" என்று முதலாளியே ஒருநாள் கேட்டுவிட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் எங்கள் பனியன் கம்பெனி. நான் கியூசி இன்சார்ஜ். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸிலும் என்ன குறை என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. வருஷக்கணக்காகக் குறை கண்டுபிடித்தே சோறு தின்கிறவனுக்கு வாய் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்டதோ, அம்பின் முனை சரியாக அந்த இடத்தைக் காட்ட வேண்டும். 'இந்தப் பீஸில் எங்கேயோ குறை இருக்கிறது' என்று சொல்கிற ஆளை நான் செக்கிங் டேபிளில் ஒருநாள்கூட வைத்துக்கொள்ள மாட்டேன்.

2006ஆம் வருஷம் மே மாதம் ஜப்பானிலிருந்து துணி வாங்குகிற பையர் ஒருவர் வந்தார். ஆர்டர் பேசி முடித்ததும் ஒரு சின்னக் காகித உறையை எடுத்து முதலாளி கையில் கொடுத்தார். உள்ளே கோதுமை மாதிரி விதைகள். அவர் ஊர் மலையில் பெரிய மரங்களுக்கு அடியில் முளைக்கும் குட்டை மூங்கிலின் விதையாம். அது பல பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்குமாம். பூத்துக் காய்த்ததும் தூரோடு செத்துப்போகுமாம். அவருடைய அப்பா சின்னப் பையனாக இருந்தபோது பூத்தது, மறுபடியும் இப்போதுதான் பூத்திருக்கிறது. "அடுத்த ஜனவரியில் வருவேன். உங்கள் புதுக் கட்டடத்து வாசலில் இதைப் பார்க்க ஆசை" என்று சொல்லி இரண்டு கையாலும் கொடுத்தார்.

அவர் போன பிறகு முதலாளி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத யாருகிட்டங்க குடுக்கறது? மறுபடி கேட்டாலும் கிடைக்காதாமா."

என் வாய் சும்மா இருக்குமா? "எங்க தோட்டத்துல வளராததுங்களா? இங்க குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

வெள்ளகோவில் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் இருப்பது உண்மை. அதில் அப்பா முருங்கை வைத்திருந்ததும் உண்மை. அந்தத் தோட்டத்தில் நான் செய்த ஒரே வேலை, முருங்கைக்காய் எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்ததுதான். மண்ணில் கை வைத்ததே கிடையாது. ஆகையால் எனக்குப் பதிலாகக் கை வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ராமுத்தாயைக் கூப்பிட்டேன். கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். நாலு வருஷமாக எங்கள் கம்பெனியில் ஹெல்பர். கட்டிங் டேபிளுக்கு அடியில் விழும் துணித் துண்டுகளைக் கூட்டி அள்ளுவது, குடிதண்ணீர் கொண்டுவந்து வைப்பது, இதுதான் வேலை. ஆனால் கண் இருக்கிறதே, பருந்துக் கண். கூட்டிக்கொண்டே போகும்போது, "அண்ணே, அந்த மூணாவது கட்டுல ஊசி ஓட்ட இருக்கு" என்பாள். போய்ப் பார்த்தால் இருக்கும். செக்கிங் டேபிளுக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. "நாலு வருசமா குனிஞ்சே கெடக்கேண்ணே. ஒரு தடவயாச்சும் நிமிந்து நின்னு வேல பாக்கணும்" என்று என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"இந்தச் செடி நல்லா வந்துதுன்னா, ஜனவரில உங்களுக்கு டேபிள். நானே முதலாளிகிட்ட சொல்றேனுங்க" என்றேன்.

"நெசமாவாண்ணே?"

"கந்தப்பன் சொன்னாச் சொன்னதுதானுங்க."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கினோம். செம்மண்ணும் எருவும் அவளே சலித்துப் போட்டாள். இருநூறு விதை. மூன்று வாரத்தில் நூற்று நாற்பது முளைத்தன. ஊசி மாதிரி பச்சை முனைகள். முதலாளியை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டி, நானே முளைத்த மாதிரி நின்றேன்.

வெயில் இருந்தால்தான் செடி வளரும் என்று எட்டாங்கிளாஸில் படித்த ஞாபகம். தட்டுகளை அப்படியே திறந்த வெயிலில் விட்டேன். பத்தே நாளில் இலை முனைகள் பழுப்பாகி, தீய்ந்து, அறுபது போய்விட்டது. ராமுத்தாய் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள்.

"அண்ணே, இது மரத்துக்கு அடியில வளர்றதுன்னு அந்த ஆளு சொன்னாராம்ல? இந்த வெயிலு தாங்காதுண்ணே. நெழலு வேணும்."

அதை நான் யோசிக்கவில்லை என்று அவளிடம் ஒத்துக்கொள்வதா? "அதத்தானுங்க நானும் பாத்துட்டு இருந்தேன்" என்றேன்.

நிழல் என்றால் எங்கள் ஊரில் துணிக்கா பஞ்சம்? ரிஜெக்ட் ஆன துணியில் இரண்டு வகை எடுத்தேன். ஒன்று நேவி ப்ளூ, மெல்லிசு. இன்னொன்று வெள்ளை, தடிமன். எங்கள் தொழிலில் துணியின் தடிமனை ஜிஎஸ்எம் என்று சொல்வோம். வட்டமாக ஒரு துண்டு வெட்டி, தராசில் வைத்தால், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். நேவி நூற்று நாற்பது. வெள்ளை இருநூற்று இருபது. எடை குறைந்த துணி அதிக வெளிச்சம் விடும், எடை கூடினது குறைவாக விடும், இதிலென்ன சந்தேகம் என்று முடிவு கட்டினேன். மீதியிருந்த எண்பது நாற்றை இரண்டாகப் பிரித்தேன். நேவியின் கீழ் நாற்பது, அது என் பொறுப்பு. வெள்ளையின் கீழ் நாற்பது, ராமுத்தாய் பொறுப்பு.

அவள் நேவித் துணிக்கு அடியில் கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு வெள்ளைக்கு அடியில் நீட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல கை தெரியுது. அதுல கையே தெரியலயே. நீலந்தான இருட்டா இருக்கு?"

"பதினெட்டு வருஷமா துணி பாக்கறேன். எனக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா? தராசு பொய் சொல்லுமுங்களா?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். நானும் ஒரு தடவை கையை நீட்டிப் பார்த்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. வெளிச்சத்தைத் தராசில் வைத்து நிறுக்கிற கிறுக்கனை நம் ஊரைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது.

ஆனால் என்ன நடந்தது தெரியுமா? என் நாற்றுகள் சரசரவென்று ஏறின. சனிக்கிழமை தவறாமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். பனியனுக்கு நீளம் அகலம் எழுதுகிற அதே தாளில் உயரம் எழுதுவேன். செப்டம்பர் முடிவில் என்னுடையது பதினாறு அங்குலம். ராமுத்தாயுடையது ஆறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுடைய நாலு தட்டிலும் தட்டுக்கொன்றாகச் சிவப்பு அம்பு ஒட்டினேன். ரிஜெக்ட்.

"ஏம்மா, உங்க செடி ஏன் இப்படிச் சூம்பிக் கெடக்குது?"

"சூம்பலண்ணே. கீழ பாருங்க, ஒண்ணொண்ணுலயும் நாலஞ்சு குருத்து பக்கத்துலயே வெடிச்சிருக்கு. ஒங்களுது ஒத்தக் குச்சியா நெட்டுக்கு நிக்குது, எலையும் வெளுத்திருக்கு."

"குருத்த எண்ணச் சொன்னேனுங்களா? ஒசரம் எங்க?"

"பேரே குட்ட மூங்கிலுதானண்ணே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு ஹெல்பர், என்னைப் பார்த்துச் சிரிப்பதா என்று மனதில் போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பிறகு நடந்ததெல்லாம் அந்தச் சிரிப்பிலிருந்து வந்ததுதான்.

அக்டோபரில் ஒரு வாரம் கம்பெனியில் இரண்டு கட்டுத் துணி காணாமல் போனது. முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துக் கத்தினார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, எப்போதும் இல்லாத வழக்கமாக, நான் மாடிக்குப் போனேன். ராமுத்தாயின் தட்டுகள் திறந்து கிடந்தன. இளவெயில் நேராக நாற்றுகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணியைக் காணோம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அதனால்தான் செடி வெயிலில் வாடிக் குட்டையாக நிற்கிறது. ஒருவேளை அந்த இரண்டு கட்டும் இவள் வேலைதானோ? கீழே இறங்கிப்போய் "துணி எங்கீங்க ராமுத்தாயி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. பையோடு பிடிக்க வேண்டும் என்று சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே நாள் அதுதான்.

ஆறு மணிக்கு பெல் அடித்தது. எங்கள் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ராக்கையா மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். வெளியே போகிறவர்கள் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். அவர் பாதி நாள் பார்ப்பதே இல்லை, தலையை ஆட்டி அனுப்பிவிடுவார். அன்றைக்கு அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். பின்னால் எழுபது பேர் வரிசை.

எங்கள் ஊரில் கோபத்திலும் மரியாதை குறையாது. 'ங்க' போட்டே ஒரு மனுஷியின் மானத்தை வாங்க எங்களுக்குத் தெரியும்.

"ராமுத்தாயி, நில்லுங்க. பையக் குடுங்க."

அவள் பையை இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். "ராக்கையா அண்ணன் பாக்கட்டும்ணே."

"ஏனுங்க, நான் பாத்தா ஆகாதுங்களா?"

"அமராவதி பாக்கட்டும்ணே. நீங்க வேணாம்." குரலை இறக்கித்தான் சொன்னாள். அமராவதி என் செக்கிங் டேபிளில் வேலை பார்க்கிற பெண், ராமுத்தாய்க்கு அடுத்ததாக வரிசையில் நின்றிருந்தாள்.

திருட்டு முழி என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பையைப் பிடுங்கி மேஜையில் கவிழ்த்தேன். டிபன் டப்பா, சீப்பு, பஸ் சில்லறை, மாத்திரை அட்டை, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே வெள்ளை பனியன் துணித் துண்டுகள். ஒரே அளவாக மடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. அதை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன்.

"இது எந்தக் கம்பெனித் துணிங்க?"

பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் களுக்கென்று சிரித்தது. அமராவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராக்கையா செருப்பைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டிங்கில் விழும் துண்டுகளை எங்கள் கம்பெனிப் பெண்கள் எல்லோருமே கொஞ்சம் எடுத்துப்போவார்கள். மாதத்தில் மூன்று நாளைக்கு வேண்டும். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டதும் கிடையாது. நானும் பெண்டாட்டியோடு குடும்பம் நடத்துகிறவன், அக்கா தங்கச்சியோடு பிறந்தவன். அதைத்தான் எழுபது பேருக்கு முன்னால் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கீழே வைத்திருக்கலாம். 'தெரியாமப் பண்ணிட்டேன், போங்கம்மா' என்று சொல்லியிருக்கலாம். அட கெரகமே, என் வாய் அதற்கு வளையவில்லை. எழுபது பேர் பார்க்கிறார்களே, இன்சார்ஜ் தப்புப் பண்ணிவிட்டான் என்று ஆகிவிடுமே என்றுதான் அது நினைத்தது.

"வேஸ்ட்டா இருந்தாலும் கம்பெனித் துணி கம்பெனித் துணிதானுங்க" என்றேன்.

ராமுத்தாய் டப்பா, சீப்பு, சில்லறை, மாத்திரை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். சில்லறையில் ஒரு ரூபாய் உருண்டு விழுந்தது, குனிந்து அதையும் எடுத்தாள். பொட்டலத்தை மட்டும் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மழை படாத இடத்தில், வெள்ளைத் துணி நாலாக மடித்து வைத்திருந்தது. காற்றில் பறக்காமல் மேலே ஒரு செங்கல். பக்கத்துச் சுவரில் டெய்லர்கள் துணியில் குறி போடுகிற சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்திருந்தது. முதல் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூடிய கண். இரண்டாவது கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு திறந்த கண். அவளுக்கு எழுத வராது. தொட்டியின் நிழல் காலையில் முதல் கோட்டுக்கு வந்தால் மூட வேண்டும், சாயங்காலம் இரண்டாவது கோட்டுக்கு வந்தால் திறக்க வேண்டும். இளவெயிலைக் காட்டி, உச்சி வெயிலை மறைத்து வளர்த்திருக்கிறாள். நான் எப்போதும் மத்தியானம் போனதால் மூடியிருந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்தது. ஆனாலும் அவளைத் தேடிப் போகவில்லை. காணாமல் போன இரண்டு கட்டும் சாயம் போடுகிற டையிங்கிலிருந்தே வந்து சேரவில்லை என்று அந்த வாரமே தெரிந்தது, அப்போதும் போகவில்லை. அம்பு ஒட்டிய தட்டுகளை ஒரு மூலைக்குத் தள்ளினேன். ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்திலும் மார்கழி இளவெயிலிலும் அவை துணி இல்லாமலே பிழைத்துக் கிடந்தன. என் பதினாறு அங்குலம் இருபத்திரண்டானது.

ஜனவரியில் ஜப்பான்காரர் வருவதற்கு நாலு நாள் முன்பு, வியாழக்கிழமை, என் நாற்பது நாற்றையும் புதுக் கட்டடத்து வாசலில் வரிசையாக நட்டோம். முதலாளி தட்டிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்தால், பாதி செடி தரையில் படுத்துவிட்டது. நிற்கிறதும் காகிதமாக வெளுத்து, இலை ஓரமெல்லாம் தீய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு மாதம் இருட்டில் வெளிச்சத்தைத் தேடித் தேடி நீண்டதே தவிர, அதற்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியாது. அதைத்தான் நான் டேப் வைத்து அளந்து வளர்ச்சி என்று எழுதியிருந்தேன்.

"கந்தப்பன், என்னங்க இது?" என்றார் முதலாளி.

"ஒரு மணி நேரம் குடுங்க" என்று மாடிக்கு ஓடினேன். மூலையில் நாலு தட்டு. ஒவ்வொரு நாற்றும் கரும்பச்சையாக, தடித்து, ஏழெட்டுக் குருத்தோடு உட்கார்ந்திருந்தது. தட்டை விட்டுப் பிடுங்க முடியவில்லை, அடியில் வேர் அப்படிப் பின்னியிருந்தது. கீழே கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். நாலு சிவப்பு அம்பையும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஜப்பான்காரர் வந்தார். கோட்டு சூட்டோடு மண்ணில் முழங்காலிட்டு, இலைகளை விலக்கி, குருத்தை ஒவ்வொன்றாக எண்ணினார். பையர்களோடு ஆர்டர் பேசுகிற எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் மொழிபெயர்த்தாள். "வெளிச்சம் எப்படிக் குடுத்தீங்கன்னு கேக்கறாருங்க சார்."

"காலை வெயில்ல தொறந்து விட்டேனுங்க. உச்சில மூடினேனுங்க. சாயங்காலம் மறுபடி தொறந்தேனுங்க. தொட்டி நெழல வெச்சுக் கணக்குப் பாத்தேனுங்க."

விட்டேன். மூடினேன். திறந்தேன். கணக்குப் பார்த்தேன். எப்படித்தான் நாக்குத் தடுக்காமல் வந்ததோ!

அவர் எழுந்து நின்று ஏதோ சொன்னார். "இருட்டுல வெச்சா உயரமா, ஒல்லியா போகுமாங்க. விவரம் தெரியாதவங்க அத நல்லா வளந்துதுன்னு நினைச்சுக்குவாங்களாம். உங்களுக்கு நல்ல கண்ணுன்னு சொல்றாருங்க." ஜப்பான்காரர் எனக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்தார். நானும் குனிந்தேன். அப்போதுதான் அந்த போட்டோ எடுத்தார்கள்.

மார்ச் வரைக்கும் எப்படியோ ஓட்டினேன். சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பொட்டலம் என் கையில் இருக்கிற மாதிரியே இருக்கும். வீட்டில் யாரிடம் சொல்வது? பெண்டாட்டியிடம் இதை என்னவென்று சொல்வேன்? கடைசியில் ராமுத்தாய் எங்கே இருக்கிறாள் என்று கேட்டு ராக்கையாவிடம் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "நல்லூர்ல ஒரு கம்பெனில கூட்டற வேலைல இருக்குதுங்க. நம்ம அமராவதியும் பொங்கலுக்கப்புறம் அங்கதான் போயிருச்சுங்க."

ஞாயிற்றுக்கிழமை நல்லூரில் அவள் குடியிருந்த லைன் வீட்டைத் தேடிப் போனேன். குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சேலையை இழுத்துச் சொருகினாள். உட்காரச் சொல்லவில்லை.

"செக்கிங் டேபிள் காலியா இருக்குதுங்க ராமுத்தாயி. நாளைக்கே வந்துருங்க" என்றேன். மன்னிப்பு என்று ஆரம்பிக்காமல் வேலையை முன்னால் நீட்டினேன்.

"செடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குதுங்க. உங்க செடிதான் வாசல்ல..."

"தெரியும்ணே. ஒங்கள நிப்பாட்டி போட்டோ எடுத்தாகன்னு அமராவதி சொல்லுச்சு."

குடம் நிறைந்து வழிந்தது. அவள் அதை நகர்த்தவில்லை.

"அந்த அமராவதிதான் அன்னைக்கு கேட்டுல நடந்ததையும் இங்க வந்து சொல்லுச்சு. கெட்ட எண்ணத்துல இல்ல, பேச்சுவாக்குல. இப்ப எங்க கம்பெனி பூரா தெரியும். எங்க கேட்டுல எல்லாத்துக்கும் முன்னாடி எம் பையத்தான் பாக்குறாக. இங்க டேபிளு கேக்க எனக்கு வாயே வரல. கெஞ்சிக் கேட்டாலும் துணி எடுத்தவன்னுதான் முழிப்பாக."

"நான் முதலாளிகிட்ட சொல்லி..."

"ஒங்க வேல வேணாம்ணே. எம் பேரக் குடுங்க. நாளைக்கு ஆறு மணிக்கு எங்க கேட்டுல வந்து சொல்லுங்க. அங்க எம்புட்டுப் பேரு நிக்கிறாகளோ அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

திங்கட்கிழமை ஐந்தரைக்கே போய்விட்டேன். எதிரே டீக்கடையில் நின்று இரண்டு டீ குடித்தேன். பெல் அடித்தது. அந்த கேட்டின் வாட்ச்மேன் பெயர் சந்தனம் என்று பிறகு தெரிந்தது, வயதானவர். அவரிடம் போய், நான் முதலிபாளையத்தில் இன்ன கம்பெனி கியூசி, ராமுத்தாய் விஷயமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். அதற்குள் வரிசை வந்து நின்றுவிட்டது. நாலாவதாக ராமுத்தாய். அவளுக்குப் பின்னால் அமராவதி. ஐம்பது அறுபது முகம், எல்லாம் என்னைப் பார்க்கிறது.

"நம்ம ராமுத்தாயி விஷயத்துல, எங்க கம்பெனில, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங்க" என்றேன்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ராமுத்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருண்ணே செஞ்சா? எஞ் செடிக்கு அம்பு ஒட்டுனப்ப மட்டும் எடத்தக் காட்டித்தான ஒட்டுனீக?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதினெட்டு வருஷம் நான் மற்றவர்களுக்குச் சொன்னது இதுதான். எங்கேயோ குறை என்று சொல்லாதே, இடத்தைக் காட்டு.

"நான்தானுங்க செஞ்சேன்" என்றேன். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டேன். "கந்தப்பன், நான்தான். இவங்க ஒண்ணும் எடுக்கலீங்க. எடுத்தாங்கன்னு நானா நினைச்சுட்டு, எழுபது பேர் முன்னாடி இவங்க பையக் கவுத்தேன். பொம்பளைங்க வெச்சிருக்கறதக் கையில தூக்கிக் காட்டினேன். எடுக்கலைன்னு தெரிஞ்ச பொறகும் அஞ்சு மாசம் வாயத் தொறக்கல. இவங்க வளத்த செடிய நான் வளத்தேன்னு சொல்லி பேர் வாங்கிட்டேன். தப்பு என்னுதுங்க. பூராவும் என்னுது."

அமராவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தனம் மேஜையை விட்டு எழுந்து, வழியை விட்டு விலகி நின்றார்.

"நீங்க போங்க கண்ணு. இனிமே உங்க பையெல்லாம் பாக்க வேண்டியதில்லை" என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. சொல்லிவிட்டேன், அவள் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். அவளிடம் பையே இல்லை. பனியன் பேக் பண்ணுகிற பாலிதீன் கவர் ஒன்றில் டிபன் டப்பாவையும் சீப்பையும் போட்டு வைத்திருந்தாள். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் வெளியே தெரிந்தது. யாரும் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே வரக்கூடாது என்று ஐந்து மாதமாக அதைத்தான் கொண்டுவந்துகொண்டிருக்கிறாள்.

வாட்ச்மேன் சொன்னது அவள் காதில் விழுந்தது, சரி என்று தலைகூட ஆட்டினாள். ஆனால் மேஜையைத் தாண்டும்போது அவளை அறியாமலே கை மேலே போனது. கவரைச் சாயங்கால வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பிக் காட்டிவிட்டு, தெருவில் இறங்கிப் போனாள்.